அவிழ்த்துப் போட்ட சிவப்பு நூல்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூன்று கிளைகள். தம்பானூர்க் கிளையின் ரெக்கார்டு ரூமில் முப்பது வருடம் பைல் எடுத்துக் கொடுத்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எந்த பைல் எந்த அலமாரியில் என்று டாக்டர்களே என்னிடம்தான் கேட்பார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மூன்று கிளைகளிலும் வேறு வேறு சாஃப்ட்வேர். ஒன்றில் உள்ள விவரம் மற்றதில் திறக்காது. எல்லாவற்றையும் இணைக்க ஆரியசாலைப் பெண் லேகாவை வேலைக்கு எடுத்தார்கள். அதற்கான முதல் கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் வாசலிலேயே நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"செல்லம்மா, அதெல்லாம் கம்ப்யூட்டர் நோக்கிக்கும். நீங்க பைல் எடுத்துக் குடுத்தா மதி, கேட்டோ."

கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம், நான் பைல் எடுத்துக் கொடுத்தால் போதுமாம். எரிச்சலோடு திரும்பினேன்.

மறுநாள் லேகா எங்கள் பைல்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தாள். "அக்கா, மத்த ரெண்டு கிளையிலயும் ஒத்துக்காத மருந்துக்குன்னு ஸ்கிரீன்ல ஒரு கட்டம் இருக்கு. நம்ம பைல்ல அது எங்க?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் கம்ப்யூட்டர் நோக்கிக்கும்."

"சில பைல்ல சிவப்பு நூல் கட்டியிருக்கே, எதுக்கு?"

கட்டியது நான்தான். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் பைல் எது என்று நர்ஸ் சொல்வாள், நான் கட்டுவேன். நூலைக் கண்டால், உள்ளே டாக்டர் எழுதியதைப் படிக்காமல் ஊசி போட மாட்டார்கள்.

"தாள் பறக்காம இருக்கத்தான்," என்றேன்.

அவள் நூல்களை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் வாரம், பைலில் சிவப்பு நூல் இருந்த எங்கள் நோயாளி ஒருவர் கிழக்கேகோட்டைக் கிளைக்குப் போனார். ஸ்கிரீனில் அந்தக் கட்டம் காலி. அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு முட்டி, இரண்டு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தார். நான் அந்த வாசல் வரை போனேன். உள்ளே போக முடியவில்லை.

மேனேஜர் எல்லார் முன்னாலும் லேகாவைத் திட்டினார். "ரெக்கார்டு ரூம்ல ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "விட்டுப்போச்சு சார்."

நான் அவள் பின்னாலேயே போனேன். வெளியே வந்து, "ஏன் சொல்லல்ல மோளே?" என்றேன்.

"அக்கா ரிட்டயர் ஆக ஆறு மாசம்தானே இருக்கு?"

அன்று ராத்திரி யோசித்தேன். பைலில் நூல் இருந்த மற்ற நோயாளிகளும் நாளை எந்தக் கிளைக்கும் போகலாம். காலையில் மேனேஜர் முன்னால் நின்றேன். "அவ கேட்டா சார். நான்தான் பொய் சொன்னேன்." "போய் லேகாவுக்கு உதவுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நூல் போய்விட்டதால் எல்லா பைலையும் பிரிக்க வேண்டி வந்தது. நான் தாளைப் புரட்ட, லேகா படித்து ஏற்றினாள். ஒரு மாதம் ஆயிற்று. இன்று மூன்று கிளைகளிலும் அந்தக் கட்டம் சிவப்பாகத் தெரியும். நர்சுகள் அதை "செல்லம்மாக்கா நூல்" என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தலை குனிகிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, உங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் போகலாம். ரோசத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். தெரிந்ததை அங்கேயே சொல்லிவிட்டுப் போங்கள். அது நோயாளியின் சொத்து.