கரைவலையும் கதவோரக் கதிரையும்

எங்கள் தொழிலில் பதவி உயர்ந்தால் கையிலிருக்கும் ஊசியை வாங்கிக்கொண்டு பேனையைத் தருவார்கள். அந்தப் பேனையால் எழுதுவதை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். தாதிமாருக்கும் மிட்வைஃப்மாருக்கும் பொறுப்பாக இருந்து அலுத்தவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதல் கூட்டம்

இருபத்திரண்டு வருடம் வார்ட்டில் நின்ற பிறகு பொதுச் சுகாதாரப் பக்கம் மேற்பார்வைச் சகோதரியாக வந்தேன். முதல் முகாமைத்துவக் கூட்டத்துக்குப் புதுச் சேலை கட்டி, கோவைகளோடு போனேன். மேசையைச் சுற்றி ஆறு கதிரை, ஆறிலும் ஆள். ஏழாவதைக் கதவோரம் போட்டிருந்தார்கள். நிர்வாக உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாகக் கையைக் காட்டினார்.

"சிஸ்டர், நீங்கள் அதில இருங்கோ. தேத்தண்ணி வந்தால் வாங்க லேசு."

வராத தாய்மார்

இலங்கைத்துறை என்ற கரையோர ஊரில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் காலை ஒன்பது மணிக்கு. பதினெட்டுப் பேர் வரவேண்டிய இடத்தில் மூன்று பேர் வருவார்கள். "வரவு குறைவு, விளக்கம் தரவும்" என்று எனக்குக் கடிதம். அந்த ஊர் மிட்வைஃப் ரதியைக் கேட்டேன். கரைவலை வளைக்கும் காலத்தில் காலையில்தான் வலை கரைக்கு வரும், மீனைத் தரம்பிரித்து உப்புப் போடப் பெண்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள் என்றாள். கிளினிக்கைப் பின்னேரம் இரண்டு மணிக்கு மாற்றுங்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். வாகனம் நாலு மணிக்குத் திரும்பவேண்டும், ஏலாது என்று பதில். விடாமல் கூட்டத்திலும் கேட்டேன். நிர்வாக உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்தார். பகிடியில்லை, உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"வலையைப் பின்னேரம் இழுக்கச் சொல்லி மீனவர் சங்கத்துக்கு நாங்கள் ஒரு கடிதம் போட்டால் என்ன, சிஸ்டர்?"

கடற்கரையில்

வராதவர்களில் சுலோவுக்கு எட்டாம் மாதம். போன பிள்ளைக்கே பிரஷர் ஏறிப் பாடுபட்டவள், இம்முறை இரண்டு கிளினிக்குக்கு வரவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து, ரதியையும் கூட்டிக்கொண்டு கரைக்கே போனேன். கால் இரண்டும் வீங்கி, மீன் கூடைக்குப் பக்கத்தில் மீன் வெட்டியபடி குந்தியிருந்தாள். தலையிடி மூன்று நாளாம். பார்த்தால் நூற்று எழுபதுக்கு நூற்றுப்பத்து.

அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கப் பயம். எங்கள் வாகனத்திலேயே மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றச் சொன்னேன். அவளோ கத்தியைக் கீழே வைக்கிறாளில்லை. நான் போட்ட சத்தத்தில் வலை இழுத்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு மீனையும் விட்டிட்டு வர ஏலாது சிஸ்டர். நான் பழுதாகமாட்டன், மீன் பழுதாகிப்போகும்."

விளக்கம்

பக்கத்திலிருந்த பெண்கள் கத்தியைப் பறித்து, அவளை வாகனத்துக்குள் தள்ளினார்கள். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு அனுப்பி, அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை. தாயும் பெண் பிள்ளையும் தப்பினார்கள். நான் பிள்ளையைப் பார்த்து அழுதேன், அதை மறைக்கவில்லை. அடுத்த கிழமை கடிதம் வந்தது. வாகனம் நாலு மணிக்குத் திரும்பவில்லை, கிளினிக்கை அனுமதியில்லாமல் இடம் மாற்றியிருக்கிறேன், விளக்கம் தரவும் என்று. கூட்டத்தில் கதவோரக் கதிரையை விட்டு எழும்பி, அந்தப் பிரஷர் இலக்கங்களை மட்டும் சத்தமாக வாசித்தேன். கடைசியில் வைத்திய அதிகாரி பின்னேரக் கிளினிக்குக்கு ஒப்பமிட்டார். நிர்வாக உத்தியோகத்தர் என் பக்கம் குனிந்தார்.

"இதை நீங்கள் முதலே எழுத்தில தந்திருக்கலாமே, சிஸ்டர்."

பின்னேரக் கிளினிக்

முதல் நாளே பதினேழு பேர். மண்டபம் முழுக்க மீன் மணம், மேலே தகரம் கொதிக்கிறது. சுலோ பிள்ளையோடு ஊசிக்கு வந்திருந்தாள். உன்னால்தான் நேரம் மாறியது என்று ரதி சொல்ல, சேலைத் தலைப்பால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்குள்ள ஒரு ஃபேன் போடுறதெண்டால், இன்னும் ஒருத்திக்குப் பிரஷர் ஏற வேணுமோ, சிஸ்டர்?"

ஃபேனுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, கதவோரக் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.