சுகன்யாவின் காரில் ஒட்டிய மைலேஜ் மீட்டர்

அந்தக் காரை வாங்கச் சொன்னவன் சுகன்யாவின் கணவன் அறிவரசன்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வேலைக்குப் போய்வர ஒரு சாதாரண சின்னக் கார் போதும் என்றுதான் சுகன்யா சொன்னாள். அவன் கேட்கவில்லை. டர்போ பெட்ரோல்தான் வேண்டும் என்று நின்றான். இன்ஜின் சின்னதுதான், ஆனால் மிதித்தால் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், பெரிய வண்டிக்குரிய இழுவை கிடைக்கும் என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான். கடன் சுகன்யாவின் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. ஆர்.சி. புத்தகமும் அவள் பெயரில்தான்.

சுகன்யா அரும்பாவூர்க்காரி. அப்பா பாவாடையும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் வெட்டக் கூலிக்குப் போய் அவளைப் படிக்கவைத்தார்கள். அரியலூரில் அரசு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் வேலை. அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை, கார் ஓட்டியதுமில்லை. புது வண்டியில் முதல்முறை ஏறியபோது பாவாடை செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு ஏறினார். அவள் அவரைத் திட்டி, இறங்கிப் போய் எடுத்துப் போட்டுக்கொண்டு வரச்சொன்னாள்.

அறிவரசன் டயர் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். குடிப்பழக்கம் கிடையாது. கை நீட்டியதில்லை. ஆனால் வீட்டில் எதையும் அளக்காமல் விடமாட்டான். கேஸ் சீக்கிரம் தீர்ந்தால் விசாரணை நடக்கும். ஷாம்பு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். கார் வந்த பிறகு அந்தக் கண் காரின் மேல் விழுந்தது. கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் வரவில்லை. டர்போ வண்டியை அழுத்தி மிதித்தால் பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும், அது ஊருக்கே தெரியும். அறிவரசனைப் பொறுத்தவரை தப்பு வண்டியில் இல்லை, சுகன்யாவின் காலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு திருச்சி நாலுவழிச் சாலையில் ஏ.சி.யைப் போட்டுப் பறந்தது அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒருநாள் ஆன்லைனில் வரவழைத்த மீட்டர் ஒன்றை அவனே பொருத்தினான். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் திரை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதன் வயரைச் சொருகி, திரையை டேஷ்போர்டில் அவள் முகத்துக்கு நேராக ஒட்டினான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி காட்டும். டர்போ அழுத்தம் ஏறினால் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சிவப்பு வந்தால் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிவைத்தான். போதாததற்கு, ஓடும்போதே எல்லாம் அவன் போனுக்குப் போகும்படி செய்துவைத்தான்.

அதன்பிறகு தினமும் விசாரணைதான். பேரளி தாண்டியதும் அப்படி என்ன அவசரம், வழியில் யாருக்காக இன்ஜினை ஓடவிட்டு நின்றாய், ஏ.சி. எதற்கு. சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி முகத்தில் அப்பிக்கொண்டு வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்தாளுநரான ஆர்த்தி பக்கத்துத் தெரு. தினமும் அவளோடு காரில் வருபவள். ஒருநாள் காலை ஆர்த்தி கதவைத் திறக்கும்போது அறிவரசன் வாசலுக்கு வந்தான்.

“நீங்க பஸ்ஸுல போங்க. உங்க வெயிட்டுக்கு மைலேஜ் அடிவாங்குதுங்க.”

ஆர்த்தி கொஞ்சம் பருமனானவள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் பல நாள் சுகன்யாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று கணவனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போன தன்மீது சுகன்யாவுக்கு ஆத்திரமாக வந்தது. அவன்மீது வந்தது அதைவிடப் பெரிது.

லேபில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் மெஷினைப் போட்டதும் நோயாளி ரத்தத்தை வைக்கமாட்டாள். அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை வைத்து, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை. இந்த மீட்டரை அப்படி ஏதாவது சரிபார்த்தாயிற்றா என்று அறிவரசனிடம் கேட்டாள். அது லேப், இது வண்டி, தெரியாததைப் பேசாதே என்றான். அவள் விடவில்லை. அவனுக்குச் சொல்லாமல் டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஓட்டித் தீர்த்து, மறுபடியும் வாய்வரை நிரப்பிப் பார்த்தாள். மெதுவாக ஓட்டி ஒருமுறை, மிதித்து ஓட்டி ஒருமுறை என்று இரண்டுமுறை பார்த்தாள். மீட்டர் காட்டியதைவிட வண்டி நன்றாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. டர்போ வேலை செய்யும் நேரத்தில்தான் மீட்டரின் கணக்கு பிசகியது. சொல்ல நேரம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள்.

இதற்குள் அவள் கால் பழகிவிட்டது. மஞ்சள் வந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழும்பும்.

ஒருநாள் காலை, வாரணவாசி ஊருக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி கல்லைச் சிந்திக்கொண்டே போனது. அதன் பின்னால் வெகுநேரம் ஊர்ந்தவள், எதிரே சாலை காலியாகத் தெரிந்ததும் வலப்பக்கம் ஏறினாள். பாதி லாரியைத் தாண்டும்போது வளைவிலிருந்து ஒரு தனியார் பஸ் வந்தது. முழுக்க மிதித்தால் தாண்டிவிடலாம். மிதித்தாள். டர்போ சீறி இழுத்தது, மீட்டர் சிவந்து கத்தியது, அந்தச் சத்தத்துக்குக் கால் எழும்பிவிட்டது. இழுவை அப்படியே அறுந்து, கார் லாரியின் பக்கவாட்டில் தொங்கியது. பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு ஹாரனை அலறவிட்டது. பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னால் விழுந்தாள். உரசிப்போன பஸ், வலது பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது.

பஸ் நின்றது. டிரைவர் இறங்கிவந்து, சாகறதுன்னா கெணத்துல போய் விழு, நாப்பது பேர ஏத்திக்கிட்டு வர்றவன் மேல ஏண்டி விழற என்று கத்தினான். ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. அறிவரசன்.

“வாரணவாசிகிட்ட மைலேஜ் ஆறு காட்டுது. என்ன பண்ணிட்டிருக்க?”

“பஸ்ஸுல மோதப் பாத்தேங்க. செத்திருப்பேன்.”

“அதுக்கு எதுக்கு அவ்ளோ மிதிச்ச?”

போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் அவன் முதலில் உடைந்த கண்ணாடியைத்தான் போய்ப் பார்த்தான். அடிபட்டதா என்று கேட்கவில்லை. அப்போதுதான் அவள் டேங்க் நிரப்பிப் பார்த்ததைச் சொன்னாள். மீட்டர் தப்பு, குறைத்துக் காட்டுகிறது என்றாள். அவன் ஆச்சரியப்படுவான் என்று நினைத்திருந்தாள்.

“தெரியும்” என்றான். “டர்போவுக்குக் கொறச்சுத்தான் காட்டும்னு வாங்கறப்பவே படிச்சேன். திருத்தி வைக்கலாம். நான்தான் வைக்கல. அப்பதான் நீ பயந்து ஓட்டுவ.”

அவள் காருக்குப் போய் வயரை உருவி, திரையைப் பிய்த்தாள். டேஷ்போர்டின் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் மீட்டர் அதே இடத்தில் ஒட்டியிருந்தது. மறுபடி பிய்த்துத் தரையில் வைத்தாள். அவன் கேட்டைச் சாத்திவிட்டு அதன்முன் நின்றுகொண்டான். எதிர்வீட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இது இல்லாம வண்டிய எடுத்தீன்னா, திரும்பி இந்த வூட்டுக்கு வராத.”

“சரி. கேட்டத் தொற.”

கல்யாணமாகி அன்றுவரை அவள் அவனிடம் ‘ங்க’ இல்லாமல் பேசியதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அவன் ஒதுங்கிக் கேட்டைத் திறந்துவிட்டான்.

அவள் திரும்பவில்லை. அரியலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். செய்தி கேட்டுப் பாவாடை பஸ் ஏறி வந்தார். குடிக்கிறானா, அடிக்கிறானா, வேறு தொடுப்பு ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள்.

“அப்பறம் என்னம்மா? ஒரு மீட்டருக்கா?”

அவள் பஸ் வந்ததைச் சொன்னாள். அவன் போனில் சொன்னதைச் சொன்னாள், மறுநாள் கேட்டில் நின்றதையும் சொன்னாள். மறுநாள் பாவாடை பெரம்பலூர் போய் அவள் துணிமணிகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மருமகனோடு என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரும்பாவூரில் யாராவது பேச்செடுத்தால், அந்த ஆளைப் பற்றி என் காதுபடப் பேசாதே என்று எழுந்து போய்விடுவார்.

விவாகரத்து வழக்கு பெரம்பலூர் கோர்ட்டில் நடக்கிறது. முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கவுன்சலர் அம்மா மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் புருஷன் கிடைப்பதே பெரிசும்மா என்று சிரித்தார். அறிவரசனும் சேர்ந்து சிரித்தான்.

“சிரிக்கறதுக்கு இதுல ஒன்னும் இல்லைங்க மேடம்” என்றாள் சுகன்யா. “நான் பயப்படணும்னே பொய் சொல்ற மீட்டர வச்சாரு. பயந்ததுலதான் சாகப் போனேன். அப்படியே எழுதிக்குங்க.”

அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். அறிவரசன், இவளுக்கு வண்டி ஓட்டவும் தெரியாது, குடும்பம் நடத்தவும் தெரியாது என்றான். அதையும் எழுதிக்கொண்டார்.

வாய்தா முடிந்து அரியலூர் திரும்பும் வழியில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிரே சாலை நீளத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவள் வலப்பக்கம் எட்டிப்பார்த்து மிதித்தாள். டர்போ இழுக்கத் தொடங்கியதும் கால் எழும்பிவிட்டது. காருக்குள் இப்போது கத்துவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் எழும்பியது. மறுபடி லாரிக்குப் பின்னால் வந்து ஒண்டினாள். சனியனே என்று தன் காலைத் திட்டிக்கொண்டு, தூசியைத் தின்றபடி வாரணவாசிவரை அதன் பின்னாலேயே போனாள்.