ஒன்றைக் கழிக்கும் யோக் லான்

யோக் லான் அக்காவிடம் வயதைக் கேட்டால் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார். "வேலைப் பழக்கம்லா" என்பார்.

ஈப்போவில் மண்ணையும் கல்லையும் சோதிக்கும் கூடத்தில் அவர் முப்பத்தோரு வருடமாக உதவியாளர். நான், செங்கா, அங்கே தரை கூட்டி, பாட்டில் கழுவுகிறவள். அவருடைய அப்பா வெள்ளீயம் தோண்டியெடுக்கும் கப்பலில் வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் அக்காவும் என்னைப் போல பாட்டில் கழுவத்தான் வந்தாராம். அளவுகளை எழுதி எழுதியே மற்றதைக் கற்றுக்கொண்டார்.

எங்கள் மெஷின் பொருளின் மேல் எக்ஸ்ரே கதிரை அடிக்கும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய வலுவில் ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். அந்த வலுவைப் பார்த்து மெஷின் பெயர் எழுதும். அதற்குள் அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு முடித்திருப்பார். தனிமத்தின் வரிசை எண்ணில் ஒன்றைக் கழி, வருவதை அதாலேயே பெருக்கு, பிறகு பத்தாலும் கொஞ்சத்தாலும் பெருக்கு. இரும்பு இருபத்தாறு. இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கினால் அறுநூற்று இருபத்தைந்து. முடிவில் கிட்டத்தட்ட ஆறாயிரத்து நானூறு. அதுதான் இரும்புக் கதிரின் வலு.

"ஏன்கா ஒண்ணு கழிக்கணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அணுவுக்குள்ள குடியிருக்கிறவன் ஒருத்தன் குறுக்க நின்னு மறைக்கிறான். அவனை விட்டுட்டுத்தான் எண்ணணும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை சாயோங் கிராமத்திலிருந்து மாக் சோம் என்ற மலாய்க்கார அம்மா வந்தார். சுரைக்காய் வடிவத்தில் கறுப்புத் தண்ணீர்க் கூஜா செய்கிறவர். ஒரு பள்ளி விடுதி இருநூறு கூஜா கேட்டிருந்தது, சோதனைச் சான்று வேண்டும் என்ற நிபந்தனையோடு. முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போன கூஜாவின் முடிவைக் கேட்க வந்திருந்தார். மெஷின் அதில் ஈயம் என்று எழுதியிருந்தது.

"ஈயமா? அது எங்க ஆத்து மண்ணு. என் மாமியார் அதுலதான் தண்ணி குடிக்கிறா. எண்பத்தாறு வயசாச்சு, இன்னும் என்னைத் திட்டறதுக்குத் தெம்பு இருக்கு!"

புது அதிகாரி ஹஃபீசுல் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தார். "மெஷின் சொல்லுது மாக். நான் என்ன செய்ய? தொழுகைக்கு முன்னாடி அனுப்பியாகணும்."

"இந்தத் தாளு வெளிய போனா விடுதி மட்டுமில்ல, யாருமே என் கூஜாவைத் தொட மாட்டாங்க தம்பி."

யோக் லான் அக்கா திரையருகே குனிந்தார். "பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. ஈயம் மாதிரி கனமானதுக்குக் கணக்கு வேற, ரெண்டு கதிரு வரும். தம்பி இதுக்குக் கிட்டத்துல நிப்பான், ஆனா பத்தாயிரத்து ஐந்நூறுல அண்ணன்காரன் முதல்ல நிக்கணுமே. அவனைக் காணோம்."

"கம்மியா இருக்கும், தெரிஞ்சிருக்காது கா."

"தம்பி தெரியறப்போ அண்ணன் தெரிய மாட்டானா?" காலண்டர் தாளைத் திருப்பினார். இந்த முறை கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, கடைசியில் ஒன்றைக் கூட்டினார். "முப்பத்தாறுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவுல வருது. நடுவுல ஒருத்தனும் கிடையாது. அப்போ இது யாரு?"

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"கா... சோதனைக்கு வந்த துருப்பிடிச்ச கதவுக் கீலுக்கும் இதே இடத்துல வந்துச்சு. செங்கல்லுக்கும். திங்கக்கிழமையிலேர்ந்து" என்றேன்.

"திங்கக்கிழமை என்ன ஆச்சு செங்கா?"

நான் ஹஃபீசுலைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"வேலை சீக்கிரம் முடியட்டும்னு கதிரைக் கூட்டி வெச்சேன்" என்றார் அவரே.

அக்கா தாளில் ஆறாயிரத்து நானூறை இரண்டு தடவை எழுதிக் கூட்டினார். சிரித்துவிட்டார். "எல்லாம் இரும்பு! ரெண்டு இரும்புக் கதிரு இடிச்சுக்கிட்டு ஒரே நேரத்துல வாசல்ல நுழைஞ்சா, காவக்காரன் ஒரே ஒரு குண்டன்னு எழுதிட்டான்."

அக்கா ஹஃபீசுல் பக்கம் திரும்பினார். "என்சிக், கதிரைக் கால் பங்காக்குங்க. நிஜ ஈயம்னா இரும்போட சேர்ந்து அதுவும் கால் பங்காகும். இடிச்சுக்கிட்டு வந்ததுன்னா காணாமலே போயிடும்."

மெதுவாகத்தான் ஓடியது. நாற்பது நிமிடம். மாக் சோம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். திரையில் இரும்பைக் காட்டும் மேடு கால் பங்காகத் தணிந்தது. அந்த இன்னொரு மேடு இருந்த இடமே தெரியவில்லை.

ஹஃபீசுல் பழைய தாளைக் கிழித்தார். "மன்னிச்சுக்குங்க மாக்." புதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு மசூதிக்கு ஓடினார்.

மாக் சோம் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். "'ஈயம் கண்டறியப்படவில்லை'யா? ஈயம் இல்லைன்னு எழுத மாட்டீங்களா?"

"மெஷின் கண்ணுக்கு எட்டின வரைக்கும் இல்லை. அவ்வளவுதான் எழுத முடியும்."

"என் மாமியாருக்கு அது போதாது. ஆனா விடுதிக்குப் போதும்." கூஜாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அக்கா ஒரு புதுக் காலண்டர் தாளைக் கிழித்து என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு செங்கா. திங்கக்கிழமையிலேர்ந்து வேற எதுக்கெல்லாம் ஈயம்னு வந்துச்சு?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.