என் பொறுப்பில் இருந்த கழிப்பறை

எங்கள் வேனில் கழிப்பறை என் பொறுப்பு. சமையல் என் கணவர், ஓட்டுவது அவர், பேட்டரி, விளக்கு, விசிறி எல்லாம் அவர். கழிப்பறையை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். இரக்கப்பட இதில் ஒன்றுமில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், உப்பலில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு வேனில் குடியேறலாம் என்றார் என் கணவர். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தவர். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அழகாகத்தான் செய்திருந்தார். கழிப்பறை வர வேண்டிய மூலையில் ஒரு பெயின்ட் வாளியை வைத்து, மேலே ஓட்டை போட்ட பலகை ஒன்றைப் போட்டிருந்தார். "ஆத்திர அவசரத்துக்கு இது போதும்" என்றார். அவசரம் வருகிறதோ இல்லையோ, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் செய்த மாத்திரையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. "வேனுக்கு வருகிறேன். ஆனால் கழிப்பறையை நான்தான் அமைப்பேன், நான்தான் பார்த்துக்கொள்வேன்" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சமையலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் அமைத்தது தண்ணீர் இல்லாத கழிப்பறை. மரப்பெட்டிக்குள் மூடி போட்ட வாளி. அதன் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் புனல். சிறுநீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கித் தனி கேனுக்குப் போய்விடும். மற்றது வாளிக்குள். முடித்ததும் தேங்காய் நார்த்தூள் ஒரு கை அள்ளிப் போட வேண்டும். இரண்டும் கலக்காத வரைக்கும், வாளிக்குள் தண்ணீர் படாத வரைக்கும் நாற்றம் வராது. காகிதத்தால் துடைத்துக்கொண்டு போவதெல்லாம் நமக்குச் சரிப்படுமா? அதற்காகப் பக்கத்திலேயே ஒரு தகரத் தொட்டி, ஒரு குழாய், ஒரு சொம்பு. எழுந்து அங்கே நகர்ந்து கழுவிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

வேனை நிறுத்த இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆறு மாதத்தில் மூன்று இடம் மாறினோம். ஓரிடத்தில் காவல்காரர் விரட்டினார்; இன்னோரிடத்தில் அக்கம்பக்கத்தார் கூட்டம் போட்டுவிட்டார்கள். நாலாவதாகக் கிடைத்ததுதான் சைனிக்புரி. ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், தன் வீட்டுப் பக்கத்துக் காலியிடத்தைக் கொடுத்தார். அந்தத் தெருவே அவரை மேடம் என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். நாற்பது வருஷமாக இங்கேயே இருந்ததில் அவருடைய தமிழில் இந்த ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும், அதாவது ஆமாமும் வேண்டாமும், தாராளமாகக் கலந்திருந்தன. இரண்டு வேப்பமரம், தண்ணீர்க் குழாய், சாக்கடைக்குப் போகிற தொட்டி, பின்மூலையில் மக்க வைக்கும் பீப்பாய்களுக்கு இடம். எங்களுக்கு அது மாளிகை.

முதல் நாளே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் இருங்க. அப்புறம் நானே உள்ள வந்து பாப்பேன். சரியா இருந்தா எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. வாசனை அடிச்சா நக்கோ. அன்னைக்கே வண்டிய எடுத்துடணும்."

"தாராளமா வந்து பாருங்க மேடம்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் கணவர் அன்றைக்கு என்னிடம் சொன்னார்: "இதுவும் போச்சுன்னா வேனை வித்துட்டு ஃப்ளாட்டுக்கே போயிரலாம். இதுக்கு மேல இடம் தேடி அலைய எனக்குத் தெம்பில்ல." ஒரு வருஷம் கைகாய்க்கச் செய்த வண்டி. அவர் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. இந்த இடத்தை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

காலை ஐந்தரைக்கு எழுவேன். கையுறை மாட்டிக்கொள்வேன். கேனைத் தொட்டியில் கொட்டி மூன்று முறை அலசுவேன். வாளியைப் பீப்பாயில் கவிழ்த்து, கழுவி, வேப்பமரத்தடியில் வெயில் விழுகிற இடத்தில் காய வைத்து, காய்ந்த இன்னொரு வாளியை உள்ளே வைப்பேன். பிறகு புனலைக் கழற்றி, இண்டு இடுக்கெல்லாம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்டுவேன். கழுவாத நாள் ஒரு நாள் கிடையாது. காய்ச்சலில் கூடக் கழுவியிருக்கிறேன். மாடி ஜன்னலில் மேடம் காப்பிக் கோப்பையோடு நிற்பார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் இன்னொரு தடவை தேய்ப்பேன். கொஞ்சம் ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாதம் முடிகிற அந்த வாரம் பார்த்து, வியாழக்கிழமை, என் மதினி வந்து இறங்கினார். என் கணவரின் அக்கா. திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், திங்கட்கிழமை ரயில் ஏறும் வரை எங்களோடுதான். வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பொம்ம வீடு மாரில்லா இருக்கு!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். நான் கழிப்பறைச் சட்டங்களை வரிசையாகச் சொன்னேன். தண்ணீர் ஊற்றக்கூடாது என்றதும் அவர் முகம் மாறியது.

"தண்ணி ஊத்தாம எப்படிளா? பூன மண்ண அள்ளிப் போட்டு மூடுத மாரியா?"

"அதே மாதிரிதான் மதினி. பூனை நம்மள விடச் சுத்தம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். சீக்கிரமே வெளியே வந்தார். நேராக வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு வந்து வேன் கதவைத் திறந்தேன். ஃபினாயில் வாடை மூஞ்சியில் அடித்தது. மதினி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தோடு கழிப்பறை வாசலில் நின்றார். ஒரு பாட்டில் ஃபினாயில் காலி. வாளிக்குள் பாதிக்கு மேல் தண்ணீர். நார்த்தூள் ஊறிக் கஞ்சியாகிக் கிடந்தது. பெட்டியின் மேலும் கீழும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபினாயிலையும் மீறி ஒரு நாற்றம் எழும்பியது.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. "யாரு மதினி உங்கள ஊத்தச் சொன்னா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாளைக்கு அந்தம்மா வந்து பாக்கப் போறாங்க. இந்த நாத்தத்தோட பாத்தாங்கன்னா எங்க குடித்தனமே போச்சு. மூணு மாசம் ஒரு நாள் விடாமக் கழுவி வச்சத ஒரு மத்தியானத்துல கெடுத்துட்டீங்களே!"

என்னை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. மதினி துடைப்பத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"நான் ஊத்துனதால நாறலைளா. நாறுச்சேன்னுதான் ஊத்துனேன்."

"என்னது?"

"வந்த அன்னைக்கே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள இருந்தேன். மூத்திர நாத்தம். நீ விடியங்காட்டி எந்திரிச்சு அந்தக் கழுவு கழுவுத. ஒன்ட்ட போயி நாறுதுன்னு எப்படிச் சொல்லுவேன்? நீ வேலைக்குப் போன நேரம் நாமளே சுத்தம் பண்ணிருவோம், அவளுக்கும் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

நான் நம்பவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். தப்பைச் செய்துவிட்டு என் மேல் போடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பே நாறியதா என்று கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். மதினி அவரைப் பார்த்து, "நீயும் இதுக்குள்ளதானல படுத்துக் கெடக்க. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அது உறைத்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் செய்த சோதனையை அவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. கரைப்பான் நெடியில் நாளெல்லாம் நிற்கிறவருக்கு அந்த நெடியே தெரியாது. வெளியிலிருந்து வருகிறவர்தான் சொல்லுவார். இதையெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். வீட்டிலோ நானே கழுவி, நானே மோந்து பார்த்து, நானே பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணவரிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து மொத்தப் பெட்டியையும் கழற்றச் சொன்னேன். பெட்டியின் அடிப்பலகையைத் தூக்கினோம். அடியில் கருத்துப்போய், ஊறி, விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒரு நாள் தண்ணீரில் அப்படி ஆகாது. வாரக்கணக்கில் ஊறிய பலகை. புனலும் குழாயும் சேருகிற இடத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். சொட்டு நிதானமாக இறங்கியது.

அந்த விரிசல் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. தினமும் காலையில் புனலைக் கழற்றி இழுத்து, தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டியது நான்தான். வாரத்துக்கு ஒரு முறை கழற்றியிருந்தால் அந்த இணைப்பு வருஷக்கணக்கில் இருந்திருக்கும். என் கையால், என் சுத்தத்தால் வந்த விரிசல். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிருங்க மதினி" என்றேன். "எந்திரிளா, வேலையப் பாப்போம்" என்றார் அவர்.

மூன்று பேரும் இருட்டுவதற்குள் முடித்தோம். ஊறிய பலகையை அறுத்து எடுத்துப்போட்டோம். கணவர் இணைப்பை மாற்றி, அடியில் எவர்சில்வர் தகடு ஒன்றை வைத்தார். மதினி இரண்டு பாட்டில் வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒரு மூலை விடாமல் துடைத்தார். நான் காய்ந்த வாளியில் புதிய நார்த்தூள் போட்டேன். முடித்ததும் மோந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. இப்போது அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் வந்தார். பருத்திப் புடவை, கையில் தடி. அவர் படியில் கால் வைக்கும் முன்பே நான் குறுக்கே நின்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"மேடம், உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கழிப்பறை நாறியிருக்கு. பல வாரமா. எனக்கே தெரியல. நேத்துதான் கண்டுபிடிச்சு சரி பண்ணினோம். சரியாயிடுச்சான்னு சொல்ல என் மூக்கு லாயக்கில்ல. நீங்க பாத்து, நக்கோன்னா இன்னைக்கே வண்டிய எடுத்துடறோம்."

என் கணவர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மேடம் தடியை ஊன்றிக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா" என்றார். "காத்து இந்தப் பக்கம் அடிச்சா மாடிக்கு வரும். ரெண்டு வாரமா வருது."

"அப்ப ஏன் மேடம் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? டெய்லி ஜன்னல்ல நின்னு உன்னைப் பாக்குறேன். எங்க வார்டுல ஒருத்தரும் அப்படிக் கழுவுனதில்ல. இந்தப் பொண்ணுகிட்ட போய் நாறுதுன்னு எந்த வாயால சொல்றது? தம்பி வீட்டுக்காரங்க வர்றாங்க, கார் நிறுத்த இடம் வேணும்னு ஒரு பொய் சொல்லி அனுப்பிடலாம்னுதான் இப்ப வந்தேன்."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. அவர் பொய்யைச் சொல்லியிருப்பார், நானும் நம்பியிருப்பேன். நல்ல மனுஷி, அவருக்கு இடம் தேவைப்பட்டது என்று சொல்லிக்கொண்டு, வேனை விற்றுவிட்டு, என் கழிப்பறையைப் பற்றிக் காலமெல்லாம் பெருமை பேசியிருப்பேன். நான் கழுவிய கழுவுதான் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டது.

மேடம் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். மூடியைத் திறக்கிற சத்தம், பெட்டியைத் தடியால் தட்டுகிற சத்தம். வெளியே நாங்கள் மூன்று பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் வந்து என் முகத்தைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தவர் தயங்கினார். நல்லதாக ஒரு வார்த்தையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மதினி அதற்குள் அவரைத் தாண்டி உள்ளே தலையை நீட்டி, நன்றாக இழுத்து மோந்துவிட்டு வந்தார்.

"நாறுதுளா" என்றார் என்னிடம், நேருக்கு நேர். "முன்ன மாரி இல்ல. லேசா. அந்தப் பின்னால இருக்குத பலகையில இன்னும் இருக்கு."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஹவ், இருக்கு. வண்டிய எடுக்க வேணாம். முதல்ல அந்தப் பலகைய எடு. புதன்கிழமை மறுபடியும் வருவேன்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று மாதத்தில் என்னிடம் ஒருத்தர் முதல் தடவையாக நாறுகிறதை அப்போதைக்கப்போதே, தயங்காமல் சொல்லியிருக்கிறார். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.