நாய் தண்ணீர் குடித்ததா

என் மகனின் கன்னத்தைக் கடித்துக் கிழித்த நாயை இரண்டு வாரம் சோறு போட்டு உயிரோடு வைத்திருந்தேன். அதன்மேல் எனக்கு அப்போது இரக்கம் என்று ஒன்றும் இல்லை. அது சாகாமல் இருந்தால்தான் என் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று தெரியவரும். அதற்காகத்தான்.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் பிறந்த அதே லயத்து வரிசையில், அப்பா விட்டுப்போன வீட்டில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், சில மாதங்களில் வர முடியாது. மகனுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. பள்ளிக்கூட நாட்களில் அவனைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமையில் அதைத் திறப்பதில்லை. அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முன்.

லயத்துக்குப் பின்னால், சரிவின் அடியில் பீலி இருக்கிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஓயாமல் கொட்டும். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மகன் மேலே கொல்லையில் கோப்பி மரத்தடியில் மண்ணைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தினால் அவனுடைய சிவப்புச் சட்டை தெரியும். ஒரு போர்வையை முறுக்கிப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டை தெரியவில்லை. கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவனுடைய அலறல் கேட்டது.

பக்கத்து வீட்டு அக்கா சோறு போடும் சிவப்பும் வெள்ளையுமான செம்மறை நாயொன்று அவருடைய விறகடுக்குக்குக் கீழே குட்டி போட்டிருந்தது. எனக்கும் அது தெரியும். நான் ஓடிப் போனபோது என் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு மல்லாந்து கிடந்தான். விரல்களுக்கு நடுவே இரத்தம். அவன் தூக்கிப் பார்த்த குட்டி அவன் காலடியில் கத்திக்கொண்டிருந்தது. நாய் ஓடவில்லை. குட்டிக்கு மேலே கால்களை அகட்டி நின்று என்னைப் பார்த்து உறுமியது. பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு மறுபடி பீலிக்கே ஓடினேன். துணிக்குப் போட்ட சவர்க்காரத்தாலேயே கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவன் திமிறினான். யாரோ கோப்பித்தூளும் யாரோ சுண்ணாம்பும் கொண்டுவந்து நீட்டினார்கள். எதையும் வைக்க விடவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது.

பக்கத்து அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “அது எங்க நாய் இல்ல தங்கச்சி. சோறுதான் போட்டேன்” என்றார்.

லயத்தில் ஒருவர் ஆட்டோ வைத்திருந்தார். அதில் பதுளைக்குப் போனோம். வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை என் மடியில் சரிய, கன்னத்தில் அழுத்திப் பிடித்த துவாய் இரத்தத்தில் ஊறிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். பேச்சிலேயே யாழ்ப்பாணத்துப் பெண் என்று தெரிந்தது. காயத்தைச் சுற்றி மருந்து ஏற்றினார்கள். பிள்ளையின் தலையை நான்தான் அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தது. என் கைகளுக்குள் அவன் “அம்மா, விடு” என்று கதறியது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கேட்டார்: “பிள்ளையை ஆர் பாத்துக்கொண்டிருந்தது?”

“நான்தான்.”

அவர் எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு நாய் எங்கே என்று கேட்டார். தோட்டத்தில் இருக்கிறது என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “அதை அடிச்சுக் கொல்ல விட்டிடாதேங்கோ. கட்டி வைச்சு ரெண்டு கிழமை பாருங்கோ. சாப்பிடுதோ, குரல் மாறுதோ, வாயால வீணி வடியுதோ எண்டு பாக்கவேணும். நாய்க்கு ஒண்டும் இல்லையெண்டா உங்கட பிள்ளைக்கும் ஒண்டும் இல்லை.”

வெளியே ஓடி வந்து போனை எடுத்தேன். என் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் லயத்திலேயே கடைசி வீடு. அவர் சும்மா இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அக்காவை அழைத்தால், பின்னால் கூச்சல் கேட்டது. அண்ணன் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நிற்பதாகவும், தான் நாயைக் கோழிக்கூண்டுக்குள் தள்ளிக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும் அக்கா சொன்னார். போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

“அண்ணே, அத அடிக்காதீங்க.”

“ஒம் புள்ள மூஞ்சியக் கிழிச்ச நாய்க்கு நீயே பரிஞ்சு பேசுறியா?”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர், “ரெண்டு வாரம் கழிச்சு எங்கிட்ட விட்டுரணும்” என்றார். சரி என்றேன். அப்போது நான் எதற்கும் சரி என்றிருப்பேன்.

அடுத்துக் கணவர் பேசினார். யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை எப்படி என்று கேட்டார், சொன்னேன். பிறகு நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். பீலியில் என்றேன். “அப்ப புள்ள எங்க இருந்துச்சு?” கடைக்குள் துணி கிழிக்கும் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

வார்டில் இருந்த நாட்களில் எனக்கு நாயைப் பற்றித்தான் நினைப்பு. வெறிநோய் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். விடிந்ததும் அக்காவுக்கு அழைத்து, “தண்ணி குடிச்சிச்சா?” என்பேன். குடித்தது என்பார். நம்பமாட்டேன். கடைசியில் அவர் தன் மகளிடம் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பினார். ஒரு பழைய பெயின்ட் வாளியில் நாய் நாக்கை விட்டுச் சளக் சளக்கென்று குடிக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், பிள்ளையை விட்டுவிட்டு இவள் போனில் என்ன பார்க்கிறாள் என்பதுபோல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். நாயை விறகடுக்குக்குப் பக்கத்தில், குட்டிகள் வந்து பால் குடிக்கும் தூரத்தில் சங்கிலியில் கட்டியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மறுபடி போவேன். அது கொட்டாவி விட்டால் தாடை தொங்கிவிட்டதோ என்று பயம். குரைத்தால் குரல் நேற்றுப்போல் இருக்கிறதா என்று காது கொடுப்பேன். தூங்கினால் கல்லை எறிந்து எழுப்புவேன். எனக்கு அந்த நாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நெத்தலிக் கருவாட்டைச் சோற்றில் பிசைந்து அதற்கு வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். அண்ணனும் அவரைப் போன்றவர்களும், மனிதப் பிள்ளையைக் கடித்ததற்கு உயிர் வாழ என்ன உரிமை, நாய்க்குக் கருவாடு ஒரு கேடா என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், வீட்டில் பூனையும் நாயுமாக வளர்ப்பவர், வாயில்லாத ஜீவன் தன் குட்டியைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்லக் கூடாது, பெரியவர்கள்தான் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். நாயைக் கொல்லச் சொன்னவர்களும் காப்பாற்றச் சொன்னவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். தப்பு என்னுடையது.

இரண்டாவது வாரத் தொடக்கத்தில் ஊசிக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. வாளித் தண்ணீரும் குறையவில்லை. நாய் சங்கிலியை இறுக்கிக்கொண்டு முன்னங்கால்களால் மண்ணைப் பறித்திருந்தது. வாயோரம் நுரை. என்னைக் கண்டதும் ஊளையிட்டது. குரல் கம்மிப்போயிருந்தது.

டாக்டர் சொன்ன எல்லா அடையாளமும் ஒரே இடத்தில். பிள்ளையை வீட்டுக்குள் வைத்து அண்ணியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அக்கா கொழுந்தெடுக்கும் மலைக்கு ஏறி ஓடினேன். அவர் கூடையோடு இறங்கி வந்தார். நாயைப் பார்த்தார். பிறகு குனிந்து விறகடுக்குக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“குட்டி ஒண்ணையும் காணோமே” என்றார். “காலையில ஒங்க அண்ணன் சாக்கோட இந்தப் பக்கம் போச்சு.”

தொழிற்சாலை வாசலுக்குப் போய் அண்ணனை வெளியே கூப்பிட்டேன். உடம்பெல்லாம் தேயிலைத் தூசியோடு வந்தார்.

“குட்டிங்க எங்க?”

“குட்டிக்காகத்தானே கடிச்சிச்சு. குட்டி இல்லாட்டி இன்னொரு புள்ளயக் கடிக்காது.”

“அண்ணே, அது சாப்பிடல. தண்ணி குடிக்கல. நோய் வந்து சாப்பிடலயா, குட்டியத் தேடிச் சாப்பிடலயான்னு எனக்குத் தெரியணும். என் புள்ள உசிரு அதுல இருக்கு. வாங்க, போய் எடுத்துட்டு வருவோம்.”

அவர் முகம் மாறியது. அவருக்கு இது தோன்றவே இல்லை. உள்ளே போய்ச் சொல்லிவிட்டு உடனே வந்தார். பசறைச் சந்தைக்குப் பின்னால் குப்பை கொட்டும் இடத்தில் விட்டதாகச் சொன்னார். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஆட்டோவில் போனோம். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அழுகிய கோவா இலைகளையும் உடைந்த பெட்டிகளையும் கிளறிக்கொண்டு, நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு நடந்தோம். சந்தைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மூன்று குட்டிகளில் ஒன்றுதான் கிடைத்தது. ஒரு பலகைக்கு அடியில் குளிரில் விறைத்து முனகிக்கொண்டு கிடந்தது. மற்ற இரண்டும் என்ன ஆயின என்று தெரியவில்லை. அண்ணன் அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

குட்டியை நாயின் முன்னால் விட்டோம். நாய் அதை முகர்ந்தது, உருட்டி உருட்டி நக்கியது, வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு படுத்தது. நான் மழையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு எழுந்து வாளிக்குப் போய்க் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. நான் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கா, நாய்க்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினார்.

அன்றைக்கு அந்தியில் சோறு வைக்கப் போனேன். அது எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, சங்கிலி எட்டும் தூரம்வரை நடந்து போய் விறகடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்து குட்டியை நக்கியது. மறுபடி போய் நின்றது. அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மனித உயிரா நாய் உயிரா என்று யாராவது கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் அதே பதில்தான். ஆனாலும் அந்த இரண்டு குட்டிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாரக் கடைசியில் கணவர் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்துக் கட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்கலங்கினார். பிறகு போனில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

“நான் பீலியில இருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க?”

“ஒங்களுக்காகத்தானே அங்க கெடந்து சாகுறேன்” என்றார், மெதுவாக.

அதுவும் உண்மைதான். மறுநாள் விடிந்ததும் மூங்கிலும் தகரமும் கேட்டு வாங்கி வந்து கொல்லைக்கு வேலி அடைத்தார். அண்ணனும் போய் உதவினார். மகன் ஆணிகளை எடுத்துக் கொடுத்தான். நான் மட்டும் உள்ளேயே இருந்தேன்.

கெடு முடிந்த அன்று மிருக வைத்தியர் ஆபீசிலிருந்து வந்தவர் நாயைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார், அதற்குத் தடுப்பூசியும் போட்டார். அவர் போனதும் அண்ணன் கயிற்றோடு வந்து நின்றார். நான் சரி என்று சொன்னது சொன்னதுதானே. அதனால் விலகி நின்றேன். பக்கத்து அக்கா வந்து நாய்க்கு முன்னால் நின்றார். “இது என் நாயி. நான் சோறு போட்டு வளர்த்தது. இனிமே நான் கட்டி வளர்க்கிறேன்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சங்கிலியைப் பிடித்து அக்காவின் கையில் கொடுத்தேன். அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். தீபாவளிவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

கடைசியாகக் காயத்தைக் காட்டப் போனபோது, யார் கடித்தது என்று மகனிடம் ஒரு நர்ஸ் கேட்டார். “அம்மா நாயி” என்றான். அவர் சிரித்துக்கொண்டே, “அம்மா வளர்க்கிற நாயா?” என்று என்னைக் கேட்டார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆமாம் என்றேன்.

மகன் இப்போது முதலாம் வகுப்பு. கன்னத்தில் தழும்பு, சிரித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும். நாய் அக்காவின் வாசலில்தான் படுத்திருக்கிறது. அவன் அந்தப் பக்கம் போனால் அது எழுந்து விலகிப் போகும். அது எங்கள் கொல்லைப் பக்கம் வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். இத்தனை நாளாகியும் அது என் கையை முகர வந்ததில்லை. நானும் அதைத் தொட்டதில்லை.