சின்னராஜுக்குக் குளிரவே குளிராது

குன்னூர் பக்கம் ஜெகதளா சின்னராஜுக்குக் குளிரவே குளிராது. இதைச் சொன்னவர் அவரேதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லுவார். பல் டாக்டரிடம், திறந்த வாயை மூடாமலே சொல்லுவார். தொழிற்சாலை வேலையை முழுக்க அரைக்கைச் சட்டையிலேயே ஓட்டி முடித்தவர். ரிட்டையர் ஆன அன்று போர்த்திய சால்வையைக்கூட, "இது எதுக்குச் சுமை" என்று மடித்து மனைவி வேலாமணியின் கையில் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் போன டிசம்பரில் குளிரில் செத்துப்போகப் பார்த்தார். ஊரில் யாரும் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்களே முதலில் நம்பவில்லை.

டிசம்பரில் மலைக்காரர்களுக்கு இரண்டு விளைச்சல்: ஒன்று பனி, இன்னொன்று சொந்தக்காரர்கள். திருப்பூர்க்காரர்கள் ஊருக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பிவிட்டு, தங்களுக்கென்று ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் மலை ஏறுவார்கள். சோறு போடுவதற்கு முன் ஸ்வெட்டர் போட்டுவிடுவதுதான் இங்கே விருந்தோம்பல். வேலாமணியின் கடைசித் தம்பி முத்துராஜ், அவன் மனைவி சசிரேகா, சின்ன மகள் அனுராதா மூவரும் அப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

எமரால்டு பக்கம் அணையைப் பார்த்தபடி ஒரு புல்மேடு உண்டு. தேயிலைக்குள்ளும் காரட் தோட்டங்களுக்குள்ளும் நடந்துதான் ஏற வேண்டும். விருந்தாளிகளுக்கு அதைக் காட்டாவிட்டால் சின்னராஜுக்குத் தூக்கம் வராது. காலையில் நல்ல வெயில். ஜீப்பைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு ஐந்து பேரும் ஏறினார்கள். வேலாமணி மல்லுக்கட்டி மாட்டிவிட்ட ஜெர்கின் பாதி வழியில் அனுராதாவுக்குப் போனது. குல்லா முத்துராஜின் தலைக்குப் போனது.

"ஏனுங்க, உங்களுக்கு?"

"எனக்கெதுக்கு புள்ள? நானென்ன திருப்பூர்க்காரனா?"

"கொழுப்பு உங்களுக்கு."

"அந்தக் கொழுப்புதான் குளுரத் தாங்குது."

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அணை காணாமல் போனது. மேகம் இறங்கியது, பின்னாலேயே சாரலும் காற்றும். தண்ணீர் உறைகிற குளிரொன்றும் இல்லை. உறைந்திருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். சின்னராஜின் பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. குறுக்கு வழி ஒன்று தெரியும் என்று முன்னால் இறங்க ஆரம்பித்தபோது அவர் கிடுகிடுவென்று நடுங்கினார். கொஞ்ச தூரம் போனதும் நடுக்கம் நின்றுவிட்டது.

"பாத்தியாக்கா? மச்சானுக்குப் பழகிப்போச்சு!" என்றான் முத்துராஜ்.

உடம்பு சூட்டுக்குப் போராடும்வரைதான் நடுங்கும். அது கையை விரித்தபின் நடுக்கமும் நின்றுவிடும். இதைக் குன்னூர் டாக்டர் பிறகுதான் சொன்னார். அப்போது எல்லாருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சின்னராஜின் நாக்கு தடித்தது. அணை இருந்த பக்கம் கையைக் காட்டி ரயில்வே ஸ்டேஷன் என்றார். இரண்டு தடவை தடுக்கி விழப்போனார். வீட்டில் எந்நேரமும் ஏதாவது வேடிக்கை பண்ணிக்கொண்டே இருக்கிற மனிதர் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"புழுங்குது மாப்ளே."

முத்துராஜ் போனை எடுத்து வீடியோ பிடித்தான். அனுராதா கைதட்டினாள்.

வேலாமணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கீழே காரட் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. "நீங்க சொல்ற குறுக்கு வழி வேண்டாம். நேரா அந்தக் கொட்டாய்க்குப் போயிரலாம்" என்றார்.

"சரி புள்ள. நீ சொன்னாச் சரிதான்."

வேறெந்தப் பெண்ணும் இந்த வரத்துக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். வேலாமணி பயந்து அவர் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து, கடைக்குப் போகிற வழியில்கூட அந்த மனிதர் அவர் சொன்னதைக் கேட்டதில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார். விறகைப் பிடித்ததுபோல் இருந்தது.

"போனை உள்ள வைடா முத்து. இவரு வெளையாடல."

ஆளுக்கொரு தோளாகத் தாங்கி இறக்கினார்கள். கொட்டகையில் காரட் தரம் பிரித்துக்கொண்டிருந்த வீரம்மா ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காய்ந்த சாக்குகளைத் தரையில் விரித்தார், தன் கம்பளியையும் உருவிக் கொடுத்தார். முத்துராஜ் பைக்குள் துழாவி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான்.

"அக்கா, ஒரே ஒரு மூடி. உள்ள போனா ஜம்முனு சூடேறிரும்."

"அதை எடுத்துட்டு ஓடிப்போயிரு! போய் ஜீப்பைக் கொண்டா."

பிராந்தி உள்ளே போனால் இருக்கிற சூட்டையும் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விட்டுவிடும் என்று சொல்லி டாக்டர் பிறகு வேலாமணியைப் பாராட்டினார். வேலாமணிக்கு அந்த மருத்துவமெல்லாம் தெரியாது. பிராந்தியோடு அவருக்குப் பழைய பகை, அவ்வளவுதான்.

ஈரச் சட்டையை உரித்து, முந்தானையால் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. கம்பளிக்குள் தானும் புகுந்து, கணவரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கல்யாண வீட்டில்கூடக் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுகிறவர் அவர். சசிரேகா மகளின் முகத்தைத் திருப்பினாள். மகள் மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை ஏன் மாமாவக் கட்டிப்புடிச்சுட்டிருக்குது?"

"மாமாவுக்குக் குளுருது கண்ணு."

சின்னராஜின் கண் சொருகியது.

"தூங்காதீங்க. ஏனுங்க, கேக்குதா? அந்தக் குழாய் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்குது, நீங்க வந்துதான் பாக்கோணும். நான் சொன்னதைக் கேக்க வேண்டாம். இனிமே ஒண்ணையுங் கேக்க வேண்டாம். கண்ணை மட்டும் தொறங்க."

வேலாமணி அவர் முதுகில் கையை வைத்தபடி பேசிக்கொண்டே இருந்தார். திட்டினார், கெஞ்சினார், மறுபடி திட்டினார். வீரம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தார். வெளியே சாரல் தகரத்தில் அடித்தது.

வெகுநேரம் கழித்து முதலில் தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு கம்பளியே குலுங்கியது.

"ஐயோ, வலிப்பு!" என்று சசிரேகா கத்தினாள்.

"இல்ல, இல்ல" என்றார் வேலாமணி. சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. "நடுக்கம் வந்திருச்சு. நடுங்கட்டும். நல்லா நடுங்குங்க சாமி."

சின்னராஜ் கண்ணைத் திறந்தார். தகரக் கூரையைப் பார்த்தார், காரட் குவியலைப் பார்த்தார், கடைசியாகத் தான் இருக்கிற இடத்தைப் பார்த்தார்.

"ஏ... ஏம்புள்ள... ஆளுக இருக்கறாங்க."

"இருக்கட்டும்."

"அந்தம்மா பாக்குது."

"நான் ஒண்ணும் பாக்கலைங்க" என்றார் வீரம்மா, நன்றாகப் பார்த்துக்கொண்டே.

சின்னராஜ் ஒருமுறை நெளிந்தார். பிடி தளரவில்லை. பிறகு தலையை மனைவியின் தோளில் சாய்த்துக்கொண்டு, பல் தந்தியடிக்க அப்படியே கிடந்தார். பேச்சு தெளிந்ததும் வீரம்மா சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயை நீட்டினார். சின்னராஜின் கை தம்ளரைப் பிடிக்கிற நிலையில் இல்லை. வேலாமணி ஊதி ஊதி, வாய் வாயாகக் கொடுத்தார்.

கீழே தோட்டத்து மண்பாதையில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. முத்துராஜ் ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது.

"அக்கா, கெளம்பலாமா?"

"இருடா" என்றார் வேலாமணி. "இன்னும் ரெண்டு வாய் இருக்குது."