டிரைவருக்குத் தண்ணீர் கிடையாதா?

போன வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது. எனக்குத் தெரிந்த டாக்டரின் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

“அந்தப் பெரிய ஹோட்டல்ல கீழ ஒரு ரெஸ்டாரண்ட் இருக்குல்ல? எங்க வெட்டிங் டேக்குப் போனோம். என்னா சர்வீஸ் தெரியுமா! நாங்க கேக்காமலே கேக் கொண்டாந்து வச்சாங்க. நீங்களும் ஒரு தடவ போய்ப் பாருங்க லா!”

போய்ப் பார்த்தாயிற்று அம்மா. பார்த்துவிட்டு வந்த எரிச்சல்தான் இரண்டு மாதமாக அடங்கவில்லை!

டாக்டரின் மனைவி பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேக் வந்தது உண்மை. எங்களுக்கு நடந்ததும் உண்மை. ஒரே கதவு, ஒரே மேசை விரிப்பு, ஒரே கேப்டன். எப்படி இப்படி? நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் சுப்பையா துறைமுகத்தில் லோரி ஓட்டத் தொடங்கியவர். இன்று சொந்தமாக மூன்று லோரி வைத்திருக்கிறார். அண்ணி காலமாகிவிட்டார். ஒரே மகள் கலா பேங்கில் வேலை செய்கிறாள். அவள் ஒருநாள் என்னிடம் வந்து, “அத்தை, சிவான்னு ஒருத்தர்...” என்று இழுத்தாள். சிவா வக்கீல். பிரிக்பீல்ட்ஸ் பையன், சிலோன் தமிழர் குடும்பம். அவனுடைய அப்பா அம்பலவாணர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச வேண்டுமே. எங்கே? ‘எங்கள் வீட்டுக்கு வாருங்கள்’ என்று கிள்ளானும் சொல்லவில்லை, பிரிக்பீல்ட்ஸும் சொல்லவில்லை. யார் படியை யார் முதலில் ஏறுவது என்கிற கௌரவப் பிரச்சினை! கடைசியில் சிவாதான் ஒரு வழி சொன்னான். பொது இடத்தில் சந்திக்கலாம்... அந்த ஹோட்டலில் மேசை பதிவு செய்கிறேன் என்றான். அண்ணி இல்லாத குறைக்கு என்னையும் வரச் சொன்னார்கள்.

அண்ணன் அதற்காகவே புது முழுக்கைச் சட்டை தைத்தார். ஆனால் அந்த வாரம் பார்த்துத்தானா லோரியிலிருந்து டிரம் ஒன்று உருண்டு அவர் இடது காலில் விழ வேண்டும்? கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. பெரிய கட்டு. ஷூ போடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தோல் செருப்பைப் பளபளவென்று பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

கலாதான் கார் ஓட்டி வந்தாள். சிவா வீட்டார் வருவதற்குள் நாங்கள் மூவரும் உணவகத்து வாசலில் நின்றோம்.

கண்ணாடிக் கதவு. உள்ளே பியானோ சத்தம். கதவருகில் கறுப்பு கோட்டும் கழுத்தில் போ டையும் அணிந்த கேப்டன், அதாவது பரிமாறுகிறவர்களுக்குத் தலைவன். நம் பையன்தான், தமிழ்ப் பையன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவன் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தான்.

“சாரி சார். நோ ஸ்லிப்பர்ஸ்.”

“கால்ல அடி, தம்பி,” என்று அண்ணன் கட்டைக் காட்டினார்.

“ஹவுஸ் ரூல்ஸ், சார்.”

“இது ஸ்லிப்பர் இல்லப்பா, தோல் செருப்பு. புண்ணு வேற. கொஞ்சம் பாரு,” என்றேன் நான்.

“சாரி, மேடம்.” நான் தமிழில் கேட்கக் கேட்க அவன் இங்கிலீஷில் பதில் சொன்னான். தமிழ் தெரியாதவன் முகமா அது? போகட்டும். வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒரு கட்டாயமோ என்னவோ.

விதி என்றால் விதி. அதையும் நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அரைக்கால் சிலுவார், காலில் ரப்பர் ஸ்லிப்பர். நீச்சல் குளத்திலிருந்து வந்திருப்பார் போல, தலையில் ஈரம்கூடக் காயவில்லை. கேப்டன் குனிந்து கதவைத் திறந்தான். “குட் ஈவினிங், சார்!”

எனக்குச் சுருக்கென்றது. “அவரு கால்ல என்னா, தம்பி?”

“ஹோட்டல் கெஸ்ட், மேடம்.”

ஆக, பிரச்சினை செருப்பில் இல்லை. போட்டிருக்கும் காலில்!

நான் வாயைத் திறப்பதற்குள் சிவா வீட்டுக் கார் வந்துவிட்டது. அம்பலவாணர் கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு இறங்கினார். பின்னால் சிவாவும் அவன் அம்மாவும். விஷயத்தைக் கேட்டார். “பொறுங்கோ, நான் கதைக்கிறன்,” என்று உள்ளே போனார். இங்கிலீஷில் ஏதோ பேசினார். வெற்றியோடு திரும்பி வந்தார்.

“இண்டைக்கு மட்டும் விடுகினமாம். ஒரு பக்கமா மேசை தருவினம்.”

அவர் உதவி செய்ததாகத்தான் நினைத்தார். அண்ணனும் கைகூப்பி நன்றி சொன்னார். மகள் கல்யாணம் ஆயிற்றே! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த ‘ஒரு பக்கம்’ எது தெரியுமா? சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு மரத் தட்டிக்குப் பின்னால். கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரம் உருளும் சத்தம். தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தால் ஜன்னலோரம் நாலைந்து மேசைகள் சும்மா கிடக்கின்றன.

மெனு வந்தது. பரிமாறும் பையன் எல்லோருக்கும் கொடுத்தான், அண்ணனைத் தவிர. கலா தன்னுடையதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆர்டர் எடுக்கும்போதும் அம்பலவாணரைத்தான் பார்த்தான். பெண் வீட்டார் என்று மூன்று பேர் உட்கார்ந்திருப்பதே அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு வலி மாத்திரை போடும் நேரம். “தம்பி, கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க,” என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போனான். வரவில்லை. இன்னொரு பணியாளர் பக்கத்தில் வந்தார். அவரிடமும் கேட்டார். அவரும் போனவர் போனவர்தான். சூப் வந்தது, ரொட்டி வந்தது, வெண்ணெய்கூட வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. மாத்திரை அண்ணனின் உள்ளங்கையிலேயே இருந்தது.

கேப்டன் தட்டியைத் தாண்டிப் போகும்போது அண்ணன் கொஞ்சம் குரலை உயர்த்தினார். துறைமுகத்தில் பழகிய குரல்... கொஞ்சம் உயர்த்தினாலே தூரம் போகும்.

“பொஸ்! சுடுதண்ணி!”

கேப்டன் விறுவிறுவென்று வந்தான். அண்ணனிடம் போகவில்லை. அம்பலவாணரின் காதருகே குனிந்து, இங்கிலீஷில், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “சார், உங்கள் டிரைவரைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.”

டிரைவர்!

அண்ணனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். அவர் கையை மூடிக்கொண்டார்.

அம்பலவாணர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘இவர் பெண்ணின் அப்பா’ — அவ்வளவுதானே? அவர் முகம் சிவந்தது. கையை அசைத்து, “ஓகே, ஓகே,” என்றார்.

கலா சிவாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கோர்ட்டில் நின்று வாதாடுகிற பிள்ளை. வாயைத் திறந்தான்... அப்பாவைப் பார்த்தான்... மூடிக்கொண்டான். சூப் கிண்ணத்தில் என்னதான் தெரிந்ததோ, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலா எழுந்தாள். “அவர் டிரைவர் இல்ல. என் அப்பா,” என்றாள் கேப்டனிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “அப்பா, எழுந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்,” என்றாள்.

“உக்காரும்மா. பெரியவங்க முன்னால என்னா இது...”

“சாப்பாடு எங்கயும் கெடைக்கும்பா. வாங்க.”

நானும் எழுந்தேன். அவ்வளவுதான், இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த சிவாவின் அம்மா மடியிலிருந்த துணியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நில்லு பிள்ளை. நானும் வாறன்.”

அம்பலவாணர் திகைத்துப் போனார். “என்னப்பா இது? ஓடர் குடுத்தாச்செல்லே!”

“அப்ப நீங்கள் இருந்து சாப்பிட்டுட்டு வாங்கோ,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நடந்தார். அதற்குப் பிறகுதான் சிவாவுக்குக் கால் வந்தது. அம்மாவின் பின்னால் ஓடி வந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. அங்கே போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, “கால்ல என்னாண்ணே ஆச்சு?” என்பதுதான். ஒரு குவளை நிறையச் சுடுதண்ணீர் வந்தது. மாத்திரை ஒருவழியாக உள்ளே போனது.

சிவாவின் அம்மா அண்ணனிடம், “மனசில வச்சுக்கொள்ளாதேங்கோ, அண்ணை,” என்றார்.

அண்ணன் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

“டிரைவர்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. நான் டிரைவர்தான். வாழ்க்கை முழுக்க அந்த வேலதான் சோறு போட்டுச்சு. நான் கேக்குறது ஒண்ணுதான். டிரைவராவே இருக்கட்டும்... டிரைவருக்குத் தண்ணி குடுக்கக்கூடாதா?”

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிவா இலையில் கை வைக்கவே இல்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனேன். விடுவேனா? மேலாளர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘சின்ன மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்’ என்றார். ஆறுதலாக இரண்டு பேருக்கு இலவச ஹை டீ தருகிறேன் என்றார். மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியாத இடத்தில் இலவசத் தேநீராம்! “நீங்களே குடிங்க,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு, ‘பெரிய இடம் என்றால் அப்படித்தான், ஏன் அங்கே போனீர்கள்?’ என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏன் போகக்கூடாது? நாமும் அதே வெள்ளிப் பணத்தைத்தானே கொடுக்கிறோம்? ஷூ போடச் சொல்லுங்கள், டை கட்டச் சொல்லுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து மாறினால் அதற்குப் பெயர் விதியா? அதிலும் கோட்டு போட்ட தமிழரும் செருப்பு போட்ட தமிழரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஒருவர் முதலாளி, மற்றவர் டிரைவர் என்று ஒரு தமிழ்ப் பையனே முடிவு கட்டுகிறான்... அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? அவன் கணக்குத் தப்பு என்று அங்கேயே எடுத்துச் சொல்ல, மேசையிலிருந்த படித்தவர்களுக்கு வாய் வரவில்லையே!

கலாவுக்கும் அதே கோபம்தான். ஹோட்டல்மேல் இல்லை, சிவாமேல். அடுத்த ஞாயிறே அவன் பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தான். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டான். அண்ணன் உடனே மன்னித்துவிட்டார். கலா மன்னிக்கவில்லை.

“அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?”

“அப்பா பக்கத்துல இருந்தாரு, கலா.”

“நாளைக்கும்தான் இருப்பாரு. அப்ப?”

சிவா மறு ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். ஒருநாள் வந்து, தன் வீட்டில் சண்டை போட்டதாகச் சொன்னான். “என் மாமனாரைப் பார்க்க அப்பா முதல்ல கிள்ளானுக்கு வரணும், அதுக்கப்புறம்தான் மத்த பேச்சுன்னு சொல்லிட்டேன்.” அன்றுதான் கலா அவனுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

இதற்கிடையில் அம்பலவாணர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? எங்கே என்னைப் பார்த்தாலும் ஒரே பாட்டு. “நல்ல சாப்பாடு, பிள்ளை. ஃபர்ஸ்ட் கிளாஸ். நீங்கள்தான் அவசரப்பட்டு எழும்பிப் போட்டியள்.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தனியாக உட்கார்ந்து எப்படித்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கியதோ!

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில், அண்ணன் வீட்டில் நிச்சயதார்த்தம். அம்பலவாணர் வந்தார். தட்டு மாற்றி முடித்த பிறகு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் சாப்பிடேல்லை.”

“என்னா சார் சொல்றீங்க?”

“நீங்கள் எல்லாரும் போன பிறகு அந்தப் பெடியன் வந்தான். டிரைவர் கோவிச்சுக்கொண்டு போட்டாரோ எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டான். அவர் டிரைவர் இல்லை, என்ர சம்பந்தி எண்டு சொன்னன். சொல்லிப் போட்டுப் பாக்கிறன்... மேசையைச் சுத்திவர வெறுங் கதிரையள்தான். ஆருக்குச் சொல்லுறன்? காசைக் கட்டிப்போட்டு எழும்பி வந்திட்டன். கரண்டியைக்கூடத் தொடேல்லை.”

“அப்புறம் ஏன் சார் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னீங்க?”

“வேற என்னத்தைச் சொல்லுறது?” என்றார். குரல் இறங்கிவிட்டது. “வெக்கமாக் கிடந்தது, பிள்ளை.”

ஆக, அன்று அந்த மேசையில் உட்கார்ந்த ஆறு பேரில் சாப்பாட்டைப் புகழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அதை வாயில் வைக்கவில்லை!